பிள்ளையின் கைக்குச் செயலி போகுமுன் செய்ய வேண்டியவையும், சிக்கல் வந்தால் போக வேண்டிய இடங்களும்: மட்டக்களப்பு, அம்பாறைக் குடும்பங்களுக்கான வழிகாட்டி

உறவுக்காரப் பிள்ளை ஒருத்தியின் பெயரிலும் படத்திலும் யாரோ போலிக் கணக்குத் திறந்து நடத்தியபோது, அதை மூட வைக்கவும் முறைப்பாட்டைப் பதியவும் அவளுடைய தாயோடு நானும் அலைய நேர்ந்தது. ஓர் அலுவலகத்தில் இன்னோர் அலுவலகத்தைக் காட்டினார்கள். அங்கே போனால் இல்லாத ஆவணம் ஒன்றைக் கேட்டார்கள். எந்த ஆவணம் எங்கே தேவை, எதற்குக் காசு இல்லை, எதை உடனே செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதை முன்கூட்டியே சொல்லித் தர ஒருவர் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை இவ்வளவு நாள் பயந்திருக்க மாட்டாள். அதனால் அறிந்ததையெல்லாம் ஒழுங்காக எழுதி வைக்கிறேன். பிள்ளைக்கு முதன்முதலாகப் போன் வாங்கிக் கொடுக்கப் போகிறவர்கள் முதலாம் படியிலிருந்து வாசியுங்கள். ஏற்கனவே சிக்கலில் இருப்பவர்கள் நேரே ஏழாம் படிக்குப் போங்கள்.

1. எந்த வயது எதற்கு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

நம் ஊரில் பெரிய குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. 15 வயதில் தேசிய அடையாள அட்டை எடுக்க வேண்டும் என்பது சட்டம். அட்டை கைக்கு வந்ததும் பிள்ளை பெரிய ஆளாகிவிட்டதாக வீட்டாரும் நினைத்துவிடுகிறார்கள், பிள்ளையும் நினைத்துவிடுகிறது. அடையாள அட்டை ஆளை அடையாளம் காட்டுவதற்கு மட்டும்தான். இலங்கையில் ஒருவர் சட்டப்படி பராயமடைவது 18 வயதில். அதற்கு முன் பெற்றோரின் அல்லது பாதுகாவலரின் துணையின்றிச் செய்யும் ஒப்பந்தம் பொதுவாக அந்தப் பிள்ளையைக் கட்டுப்படுத்தாது. செயலி ஒன்றில் ‘ஏற்றுக்கொள்கிறேன்’ என்று அழுத்துவதும் ஓர் ஒப்பந்தம்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

முகநூல், இன்ஸ்டகிராம், டிக்டொக், ஸ்னப்சட், வட்ஸ்அப் ஆகியவற்றில் கணக்குத் திறக்கக் குறைந்தது 13 வயது வேண்டும் என்பது அந்தந்த நிறுவனங்களின் நிபந்தனை. ஜீமெயிலும் யூடியூப்பும் கூகிள் கணக்கில் இயங்குபவை. அந்தக் கணக்கைப் பிள்ளை தானே நிர்வகிப்பதற்கும் 13 வேண்டும். அதற்குக் கீழ் என்றால் பெற்றோரின் மேற்பார்வையுடன் மட்டும் திறக்கலாம். யூடியூப்பில் நேரலை செய்ய 16, டிக்டொக்கில் நேரலை செய்ய 18. யூடியூப் விளம்பர வருமானம் பெறும் கணக்கைத் திறக்கவும் 18 ஆக வேண்டும்.

நம் நாட்டின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவரைச் சிறுவர் என்று கொள்கிறது. சிறுவரின் தரவை அது சிறப்புப் பாதுகாப்புக்குரிய தரவு வகையில் சேர்த்து, சம்மதத்தைப் பெற்றோரிடமோ பாதுகாவலரிடமோ பெற வேண்டும் என்கிறது. ஆனால் சிறுவரின் ஆபாசப் படம் தொடர்பான குற்றத்தில் 18க்குக் கீழ்ப்பட்ட எவரும் சிறுவர்தான். ஆகவே 17 வயதுப் பிள்ளைக்கு நடந்த விடயத்தை ‘அவள் சின்னப் பிள்ளை இல்லையே’ என்று யாராவது தட்டிக் கழித்தால், அந்தப் பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை என்று தயங்காமல் சொல்லுங்கள்.

அவுஸ்திரேலியாவிலுள்ள உறவினர்கள் சமூக ஊடகக் கணக்குக்கு 16 என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது 2025 டிசம்பர் 10ஆம் திகதி முதல் அந்த நாட்டில் நடைமுறையிலுள்ள சட்டம். மேலே சொன்ன 13 என்பது நிறுவனங்கள் பொதுவாக வைத்திருக்கும் நிபந்தனை.

2. ஆவணங்களை ஒரே கோப்பில் வையுங்கள்

இது ஒரு பிற்பகலில் முடிகிற வேலை. ஒரு பிளாஸ்டிக் கோப்பில் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பிள்ளைக்கு அடையாள அட்டை இருந்தால் அதன் பிரதி, தாய் தந்தையரின் அடையாள அட்டைப் பிரதிகள், போன் வாங்கிய பற்றுச்சீட்டு, போன் பெட்டியில் ஒட்டியிருக்கும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் (அந்தப் போனுக்கேயுரிய அடையாள எண்), சிம் யாருடைய பெயரில் உள்ளது என்ற குறிப்பு ஆகியவற்றை வையுங்கள். பிறப்புச் சான்றிதழின் மூலப் பிரதியை எவரிடமும் விட்டுவர வேண்டாம். பிரதேச செயலகத்தில் பெறும் அத்தாட்சிப்படுத்திய பிரதிகள் இரண்டு மூன்றை எடுத்து வைத்துக்கொண்டால், பிள்ளை அழுதுகொண்டிருக்கும் நேரத்தில் அதற்காகவும் ஓடத் தேவையிருக்காது.

சிம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல வீடுகளில் பிள்ளை பாவிக்கும் இலக்கம் காலமான தாத்தாவின் பெயரிலோ, எப்போதோ வீட்டில் தங்கியிருந்த ஒருவரின் பெயரிலோ இருக்கிறது. வட்ஸ்அப் கணக்கு பறிபோனாலும் முகநூல் கடவுச்சொல் மறந்துபோனாலும், மீட்பதற்கான குறியீடு அந்த இலக்கத்துக்குத்தான் வரும். சிம் தொலைந்தால் பதிவு செய்தவர் நேரில் வராமல் மாற்று சிம் எடுக்க முடியாமல் போகும். ஆகவே செயலி எதையும் நிறுவுமுன், சிம்மை உயிரோடும் ஊரோடும் இருக்கும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவரின் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. அடையாள அட்டை எண்ணைச் சும்மா ஓர் எண்ணாக நினைத்துக் கேட்கும் செயலிக்கெல்லாம் கொடுக்க வேண்டாம். 12 இலக்க எண்ணின் முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று இலக்கங்கள் ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தவர் என்பதைக் காட்டுகின்றன. பெண் என்றால் அந்த நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். எண்ணை மட்டும் கொடுத்தாலே பிறந்த நாளும் பாலினமும் போய்விடுகின்றன.

3. கணக்கை உண்மையான பிறந்த திகதியில் திறவுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரேயொரு படியைத்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

மட்டக்களப்பு நகரிலும் கல்முனையிலும் புதுப் போன் வாங்கும்போது கடையிலுள்ள தம்பிமார் உதவியாக நினைத்துத் தாங்களே ஒரு ஜீமெயில் கணக்கைத் திறந்து, வாய்க்கு வந்த பிறந்த ஆண்டு ஒன்றைப் போட்டு, முகநூலையும் டிக்டொக்கையும் நிறுவித் தந்துவிடுவார்கள். 12 வயதுப் பிள்ளையின் போனை வாங்கிப் பார்த்தேன். கூகிள் கணக்கில் பிறந்த ஆண்டு 1990 என்றிருந்தது, கடவுச்சொல் அந்தக் கடையின் பெயரும் 123ம். கணக்கைப் பொறுத்தவரை அந்தப் பிள்ளை முப்பது தாண்டிய ஓர் ஆள். வளர்ந்தவர்களுக்கு மட்டுமான காணொளிகள் திறந்திருந்தன. முன்பின் தெரியாதவர்கள் செய்தி அனுப்பக்கூடியதாக இருந்தது. சூதாட்ட விளம்பரங்கள் வந்துகொண்டிருந்தன. பிறந்த ஆண்டைப் பொய்யாகப் போட்டால் நிறுவனம் சிறுவருக்கென்று வைத்திருக்கும் எந்தக் காவலும் உங்கள் பிள்ளைக்குக் கிடைக்காது.

உண்மையான திகதியைப் போட்டால் கிடைப்பது என்ன என்பதைப் பாருங்கள். இன்ஸ்டகிராமில் 18க்குக் கீழ்ப்பட்டவருக்குப் பதின்ம வயதினர் கணக்கு தானாக அமைகிறது. பிள்ளை அனுமதித்தவர்கள் மட்டும் பதிவுகளைப் பார்க்கும்படி கணக்கு இருக்கும், தெரியாதவர்கள் செய்தி அனுப்ப முடியாது, இரவு 10 மணியிலிருந்து காலை 7 மணிவரை அறிவிப்புகள் அடங்கியிருக்கும், 16க்குக் கீழ்ப்பட்டவர் இந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தப் பெற்றோரின் அனுமதி வேண்டும். டிக்டொக்கில் 16க்குக் கீழ்ப்பட்டவரின் கணக்கும் தொடக்கத்திலேயே அப்படித்தான் இருக்கும். தனிச்செய்தி வசதியே கிடையாது. 18க்குக் கீழ்ப்பட்ட எல்லோருக்கும் நாளொன்றுக்கு 60 நிமிட எல்லை போடப்பட்டிருக்கும். இவை எதற்கும் கட்டணம் இல்லை.

செய்யும் முறை இதுதான். கடையிலிருந்து வந்ததும் போனின் அமைப்புகளில் கூகிள் என்ற பகுதிக்குள் போய், கணக்கின் தனிப்பட்ட தகவல்களில் பிறந்த திகதியைப் பாருங்கள். கடைக்காரர் திறந்த கணக்காக இருந்தால் அதைத் திருத்திக்கொண்டிருக்காமல் போனிலிருந்து அகற்றிவிட்டுப் புதிதாகத் திறப்பதே நல்லது. பழைய கணக்கின் கடவுச்சொல் வேறொருவருக்குத் தெரியும். பிள்ளை 13க்குக் கீழ் என்றால் உங்கள் போனில் கூகிளின் ஃபமிலி லிங்க் செயலியை நிறுவி, அதிலிருந்து பிள்ளைக்குக் கணக்குத் திறவுங்கள். அதன் பிறகு பிள்ளை எந்தச் செயலியை நிறுவ முயன்றாலும் உங்கள் போனுக்கு அனுமதி கேட்டு வரும். இரவில் போன் தானாகப் பூட்டிக்கொள்ளும் நேரத்தையும் நீங்களே வைக்கலாம். இரண்டு போன்களையும் பக்கத்தில் வைத்து, டேட்டாவும் சார்ஜும் இருப்பதை உறுதி செய்துகொண்டு, அவசரமில்லாத ஒரு மாலையில் செய்யுங்கள்.

முகநூலிலும் இன்ஸ்டகிராமிலும் ஏற்கனவே பொய்யான ஆண்டு போடப்பட்டிருந்தால் திருத்தலாம். ஆனால் நினைத்தபோதெல்லாம் மாற்ற விடமாட்டார்கள். ஆகவே பிறப்புச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரே தடவையில் சரியாக மாற்றுங்கள். 13க்குக் கீழ் என்று திருத்தினால் கணக்கு மூடப்படும். அதற்குப் பயந்து பொய்த் திகதியை அப்படியே விடுவதைவிட, பிள்ளையின் படங்களைத் தரவிறக்கி வைத்துவிட்டுக் கணக்கை மூடிவிடுவது மேல்.

பிள்ளையோடு பேசாமல் இரவில் இரகசியமாகப் போனை எடுத்து இந்த மாற்றங்களைச் செய்யாதீர்கள். வகுப்புத் தோழியின் போனில் இரண்டாவது கணக்கொன்று அடுத்த கிழமையே திறக்கப்பட்டுவிடும். அது உங்கள் கண்ணுக்குப் படவே படாது.

4. தாயோ தந்தையோ வெளிநாட்டில் இருந்தால்

ஏறாவூர், வாழைச்சேனை, காத்தான்குடி, நிந்தவூர், திருக்கோவில் என்று எந்த ஊரை எடுத்தாலும், தாய் குவைத்திலோ சவுதியிலோ வேலை செய்ய, அம்மம்மாவோ உம்மம்மாவோ பிள்ளைகளைப் பார்க்கும் வீடுகள் உள்ளன. அந்த வீடுகளில் தாயின் முகத்தைப் பார்க்க ஒரே வழி போன்தான். அதனால் 9 வயதிலேயே பிள்ளையின் கையில் வட்ஸ்அப் இருக்கிறது. இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஏற்பாட்டை மாற்றிக்கொள்ள முடியும்.

வட்ஸ்அப், இமோ போன்றவற்றை அம்மம்மாவின் பெயரிலுள்ள சிம்மில், அம்மம்மாவின் போனிலேயே வையுங்கள். பிள்ளை அதில் தாயோடு பேசட்டும். பிள்ளைக்குத் தனிப் போன் கட்டாயம் தேவை என்றால், மேற்பார்வைக் கணக்கை யாருடைய பெயரில் வைப்பது என்பதை யோசித்து முடிவெடுங்கள். கூகிள் குடும்பக் குழுவிலுள்ளவர்கள் ஒரே நாட்டில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தாய் வளைகுடாவுக்குப் போன பிறகு அங்கிருந்து இதைத் தொடங்க முயன்றால் இந்த இடத்தில் தடைப்படலாம். எனவே ஊரிலிருக்கும் சித்தி, மாமா, மூத்த அக்கா என்று 18 வயது நிறைந்த, போன் பாவிக்கத் தெரிந்த ஒருவரின் கணக்கில் ஃபமிலி லிங்க்கை அமையுங்கள். தாய் தன் பங்குக்கு டிக்டொக்கின் குடும்ப இணைப்பையோ இன்ஸ்டகிராமின் பெற்றோர் மேற்பார்வையையோ வைத்துக்கொள்ளலாம். குவைத், கட்டார், சவுதி நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால் இருப்பதால், தாய் வேலை முடித்து ஓய்வாகப் பேசும் நேரம் பிள்ளை தூங்க வேண்டிய நேரமாக இருக்கும். பூட்டு நேரத்தை அதற்கேற்ப நிர்ணயிப்பதோடு, வெள்ளி இரவுகளில் தளர்த்திக் கொடுங்கள்.

தாய் புறப்படுமுன் ஒரு கடிதம் எழுதிக் கையொப்பமிட்டு, அடையாள அட்டைப் பிரதியோடு கோப்பில் வைத்துவிட்டுப் போகட்டும். தான் இல்லாத காலத்தில் பிள்ளையின் பாடசாலை, மருத்துவம், முறைப்பாடு போன்ற விடயங்களை இன்னார் கவனிப்பார் என்று அதில் இருந்தால் போதும். கிராம உத்தியோகத்தரிடம் காட்டி, பாதுகாவலரின் வதிவிடச் சான்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். முறைப்பாடு செய்ய இந்தக் கடிதம் கட்டாயமில்லை, சிறுவர் துன்புறுத்தல் பற்றி யாரும் முறையிடலாம். ஆனாலும் ‘பிள்ளைக்கு நீங்கள் என்ன முறை?’ என்ற கேள்வியில் முதல் அரை மணி நேரம் கழியாமல் இருக்க அது உதவும்.

5. ரியூசன் குழுக்களும் வட்ஸ்அப்பும்

க.பொ.த. சாதாரண தர வகுப்புக்கு மட்டக்களப்பில் ரியூசன் போகும் பிள்ளை ஐந்தாறு வட்ஸ்அப் குழுக்களில் இருக்கும். ஒரு குழுவில் நூற்றுக்கு மேற்பட்டோர் இருந்தால் அத்தனை பேருக்கும் பிள்ளையின் இலக்கம் தெரியும். அவர்களில் யார் மாணவர், யார் மாணவரின் அண்ணன், யார் எப்போதோ படித்துவிட்டுப் போனவர் என்பது ஆசிரியருக்கே தெரியாது. எங்கள் பிள்ளையின் படத்தை எடுத்ததும் இப்படியொரு குழுவிலிருந்துதான்.

13க்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு உங்கள் இலக்கத்தையே குழுவில் கொடுங்கள். அதற்கு மேற்பட்ட பிள்ளையின் வட்ஸ்அப் தனியுரிமை அமைப்பில் சுயவிபரப் படம், கடைசியாகப் பார்த்த நேரம், குழுவில் சேர்க்கக்கூடியவர்கள் ஆகிய மூன்றையும் ‘எனது தொடர்புகள்’ என்று மாற்றுங்கள்; தெரியாத இலக்க அழைப்புகளை ஒலியடக்கும் வசதியையும், கணக்கை வேறு போனில் திறக்க இன்னொரு குறியீடும் கேட்கும் இரு படிச் சரிபார்ப்பையும் இயக்குங்கள். இரு படிச் சரிபார்ப்பின் 6 இலக்கக் குறியீட்டைக் கோப்பிலும் எழுதி வையுங்கள். ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: குழுவில் ஆசிரியர் மட்டும் செய்தி இடக்கூடியதாக வைத்தால் பாதித் தொல்லை குறைந்துவிடும்.

6. காசு, கடன், வேலை

விளையாட்டுச் செயலிகளில் வைரம், நாணயம், உடை என்று வாங்குவதெல்லாம் உண்மைக் காசு. சில இணைப்புகளில் அது ரீலோட் மீதியிலிருந்தோ மாதக் கட்டணத்திலோ கழியும். தந்தையின் கார்ட் பிளே ஸ்டோரில் சேமிக்கப்பட்டிருந்தால் அதிலிருந்து போகும். பிளே ஸ்டோர் அமைப்புகளில் ஒவ்வொரு கொள்வனவுக்கும் உறுதிப்படுத்தல் கேட்கும்படி வையுங்கள். பிள்ளை தெரியாமல் வாங்கிவிட்டால் 48 மணித்தியாலத்துக்குள் கூகிளிடம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், அப்போது வேலை இலகு. உங்களுக்குத் தெரியாத யாரோ உங்கள் கார்ட்டைப் பாவித்திருந்தால், கூகிளிடம் அறிவிக்க 120 நாள் அவகாசம் உண்டு. வங்கிக்கு மட்டும் அன்றைக்கே சொல்லிக் கார்ட்டை நிறுத்திவிடுங்கள்.

போனிலேயே கடன் தருவதாகச் சொல்லும் செயலிகளைப் பற்றி மிகக் கவனமாக இருங்கள். அடையாள அட்டையின் இரு பக்கப் படம், முகப்படம், தொடர்புப் பட்டியலைப் பார்க்கும் அனுமதி ஆகிய மூன்றையும் கேட்பவை இவை. தவணை பிந்தினால் தொடர்புப் பட்டியலில் உள்ள ஆசிரியருக்கும் மச்சானுக்கும் அழைப்புப் போகும். 16, 17 வயதுப் பிள்ளையிடம் அடையாள அட்டை இருப்பதால் அவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். சில பிள்ளைகள் தாயின் அட்டையைப் படமெடுத்துப் போட்டுவிடுகிறார்கள். பராயமடையாத பிள்ளை தானாக எடுத்த கடனுக்கு ‘வழக்குப் போடுவோம்’ என்று மிரட்டினால் பயந்து இன்னொரு கடன் எடுத்து அடைக்காதீர்கள். பிறப்புச் சான்றிதழோடு சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்துக்குப் போங்கள். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அங்கே இலவசமாக உதவுவார்கள்.

வேலை பற்றிச் சுருக்கமாக. 2021இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயது 16. ஆபத்தான தொழில்களில் 18க்குக் கீழ்ப்பட்டவரை அமர்த்தக் கூடாது. உணவு விநியோகச் செயலியில் அண்ணனின் கணக்கில் தம்பி மோட்டார் சைக்கிள் ஓடினால், சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாத அந்தப் பிள்ளை விபத்தில் சிக்கும்போது காப்புறுதியும் கைவிடும், நிறுவனமும் தெரியாது என்றுவிடும். வாடகை வாகனச் செயலிகளிலும் கணக்கு வைத்திருப்பவர் 18 நிறைந்தவராக இருக்க வேண்டும். உங்கள் கணக்கில் வண்டி பிடித்துப் பிள்ளையை மட்டும் ஏற்றி அனுப்புவதை ஊபர் போன்றவை தடை செய்திருக்கின்றன. வகுப்புக்குப் போக, வீட்டாருக்குத் தெரிந்த ஓட்டோக்காரரே மேல்.

7. சிக்கல் வந்த முதல் இரவு

போலிக் கணக்கு, படத்தைக் காட்டி மிரட்டல், காசு கேட்டல், தனிப்பட்ட படத்தைப் பரப்பல் என்று எதுவாக இருந்தாலும் முதலில் பிள்ளையிடம் ‘உன் பிழை இல்லை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொல்லுங்கள். அன்றிரவு பிள்ளையைத் தனியே விடாதீர்கள். போனைப் பிடுங்கி உடைப்பதும் அடிப்பதும் மிரட்டுகிறவனுக்குத்தான் உதவும்.

காசு கொடுக்க வேண்டாம். ஒரு தடவை கொடுத்தால் அடுத்த நாளே இன்னும் கேட்பார்கள். எதையும் அழிக்கவும் வேண்டாம். அழித்தால் ஆதாரமும் போய்விடும். மிரட்டும் கணக்கின் பெயர், பயனர் பெயர், இணைப்பு முகவரி, செய்திகள், திகதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். பெயரை எளிதில் மாற்றிவிடுவார்கள் என்பதால் இணைப்பு முகவரியைத் தாளிலும் எழுதி வையுங்கள். காசு ஏற்கனவே போயிருந்தால் ஈசி கேஷ் அல்லது வங்கிப் பற்றுச்சீட்டையும் அதோடு சேருங்கள். அதன் பிறகுதான் கணக்கைத் தடை செய்ய வேண்டும்.

அடுத்தது பெரும்பாலான குடும்பங்கள் பதற்றத்தில் விழும் குழி. 18க்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் ஆபாசப் படத்தை ‘பாருங்கள், இப்படிச் செய்திருக்கிறான்’ என்று மாமாவுக்கும் அதிபருக்கும் குடும்பக் குழுவுக்கும் அனுப்பாதீர்கள். தண்டனைச் சட்டக்கோவையின் 286அ பிரிவின்படி அத்தகைய படத்தை வைத்திருப்பதும் பரப்புவதும் குற்றம். குறைந்தது 2 ஆண்டுகள், கூடியது 10 ஆண்டுகள் சிறை. நல்ல நோக்கத்தில் அனுப்பினாலும் படம் ஒரு படி மேலும் பரவிவிடும். படம் எந்தப் போனுக்கு வந்ததோ அந்தப் போனையே பொலிஸுக்குக் கொண்டு போங்கள். பரப்பியவர் வகுப்புத் தோழனாக இருக்கலாம் என்பதையும் மனத்தில் வையுங்கள்: 12 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்குக் குற்றப் பொறுப்பு இல்லை, 12க்கும் 14க்கும் இடைப்பட்டவருக்கு அவரது முதிர்ச்சியைப் பொறுத்தது, அதற்கு மேற்பட்டவர் பொறுப்புக் கூற வேண்டும். உங்கள் மகனின் போனில் அப்படியொரு படம் வந்து சேர்ந்தாலும் உடனே உங்களிடம் சொல்லும்படி முன்பே பழக்கி வையுங்கள்.

அதே இரவில் ‘டேக் இற் டவுன்’ என்ற இலவச இணையச் சேவையையும் பாவிக்கலாம். 18க்குக் கீழ்ப்பட்டபோது எடுத்த நிர்வாணப் படங்களுக்கானது அது. பெயர் கொடுக்கத் தேவையில்லை. படமும் போனை விட்டு வெளியே போகாது. படத்தை அடையாளம் காட்டும் ஓர் எண்முத்திரை (கைரேகை போன்ற ஒரு குறியீடு) மட்டும் உருவாகி, முகநூல், இன்ஸ்டகிராம், டிக்டொக் போன்ற சேர்ந்திருக்கும் நிறுவனங்களுக்குப் போகும்; அவர்கள் அதை வைத்துத் தங்கள் தளத்தில் படத்தைத் தேடி அகற்றுவார்கள். போனில் படம் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.

கடவுச்சொல்லை மீட்டுத் தருகிறேன், அனுப்பியவனைக் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று சொல்லும் போன் கடைகளிடமும் ‘ஹக்கர்’ என்போரிடமும் பிள்ளையின் போனைக் கொடுக்க வேண்டாம். ஆயிரக்கணக்கில் வாங்குவார்கள், படங்கள் இன்னொரு கணினிக்குப் போய்விடும்.

8. முறைப்பாடு: எங்கே, எப்படி

முதல் அழைப்பு 1929. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். 24 மணித்தியாலமும் இயங்கும், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. பெற்றோர்தான் எடுக்க வேண்டும் என்றில்லை. பிள்ளையே எடுக்கலாம், அயலவரும் எடுக்கலாம். அழைப்பின் முடிவில் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதுங்கள். இதைக் கேட்காமல் வைத்துவிட்டால், அடுத்த தடவை எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும்.

போலிக் கணக்கையோ பதிவையோ அகற்றுவதற்குத் தொழில்நுட்ப உதவி வேண்டுமானால், இணையப் பாதுகாப்புச் சிக்கல்களைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101. அவர்கள் குற்றவாளியைப் பிடிப்பவர்கள் அல்லர், அதற்குப் பொலிஸ்தான். ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை விட்டுவிடாதீர்கள்.

பொலிஸ் நிலையத்தில் சிறுவர் மற்றும் மகளிர் பணியகத்தைக் கேட்டுப் போங்கள். உடனடி ஆபத்து என்றால் 119. சிறுவர், மகளிர் துன்புறுத்தலுக்கெனப் பொலிஸின் 109. கோப்பையும், சார்ஜ் போட்ட போனையும், ஸ்கிரீன்ஷொட்களின் அச்சுப் பிரதிகளையும் கொண்டு போங்கள். நிர்வாணப் படத்தை மட்டும் எந்தக் கடையிலும் அச்சிடக் கூடாது. என்ன நடந்தது என்பதைத் திகதி வரிசையில் ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துச் சென்றால், பிள்ளை திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியது குறையும். வாக்குமூலம் தமிழில் பதியப்பட வேண்டும் என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. வேறு மொழியில் எழுதியதை வாசித்து விளங்காமல் கையொப்பமிட வேண்டாம். பெண் பிள்ளை என்றால் பெண் உத்தியோகத்தரைக் கேளுங்கள். பாரதூரமான துன்புறுத்தல் என்றால் பிள்ளையின் கூற்றைக் காணொளியில் பதிவு செய்ய 1999ஆம் ஆண்டு 32ஆம் இலக்கச் சட்டம் இடமளிக்கிறது. அதைப் பற்றி 1929இல் பேசும்போதே கேட்டு வையுங்கள். முறைப்பாட்டுக்குக் கட்டணம் கிடையாது. முறைப்பாட்டுப் புத்தகத்தின் பக்கம், பந்தி இலக்கம், எழுதிய உத்தியோகத்தரின் பெயர், திகதி ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு வெளியே வாருங்கள்.

போனைச் சான்றுப் பொருளாக எடுத்துக்கொள்ளலாம். எடுத்தால் பற்றுச்சீட்டுக் கேட்டு வாங்குங்கள். வழக்கு நடந்தால் மாதக்கணக்கில் திரும்பாது என்று எண்ணி, போகுமுன்னரே தொடர்பு எண்களை எழுதி வையுங்கள், வங்கிச் செயலிகளை வேறு போனுக்கு மாற்றுங்கள். சிம்மை என்ன செய்வது என்று பொலிஸாரிடமே கேட்டுச் செய்யுங்கள். உண்மையில் இந்த முறையில் மிகப் பெரிய செலவு மாற்றுப் போன்தான், அடுத்தது போக்குவரத்து. வாகரை, பட்டிப்பளை, பொத்துவில் பக்கங்களிலிருந்து வருவோர் ஒரு நாள் கூலியையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் சிறுவர் பாதுகாப்புக்கான உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். பொலிஸ் நிலையத்துக்குத் தனியே போகத் தயங்குவோர் முதலில் இவர்களைச் சந்திக்கலாம். பிள்ளைக்கு உளவளத்துணை ஒழுங்கு செய்யவும் இவர்கள் உதவுவார்கள். கள வேலைக்குப் போயிருக்கக்கூடும் என்பதால், போகுமுன் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள்.

பேசித் தீர்ப்போம் என்று ஊர்ப் பெரியவர்கள் வருவார்கள். பிள்ளை மீதான பாலியல் குற்றம் இணக்க சபையிலோ ஆலய, பள்ளிவாசல் நிர்வாகத்தின் முன்னோ பேசி முடிக்கும் விடயமல்ல. மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கிய பிறகு அதே படம் வேறொரு கணக்கில் வந்ததை நான் அறிவேன்.

9. முறைப்பாட்டுக்குப் பிறகு

செயலி நிறுவனத்துக்கு உள்ளேயிருந்து அனுப்பும் முறைப்பாட்டுக்குச் சில வேளை ஓரிரு நாளில் பதில் வரும். ‘விதிமீறல் இல்லை’ என்று பதில் வந்தால் மீளாய்வு கேளுங்கள். ஆள்மாறாட்டம் என்ற பிரிவில், பிள்ளை சிறுவர் என்பதைக் குறிப்பிட்டுத் திரும்ப அனுப்புங்கள். நண்பர்கள் நூறு பேரை முறையிடச் சொல்வதைவிட, பாதிக்கப்பட்டவரின் பெற்றோர் சரியான பிரிவில் ஒரு தடவை முறையிடுவது பயன் தரும்.

பொலிஸ் விசாரணை அவ்வளவு விரைவில் முடியாது. வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து கணக்கு விபரம் வர வேண்டியிருப்பதால் வாரங்கள் மாதங்களாகும். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை முறைப்பாட்டு இலக்கத்தைச் சொல்லி நிலைமையைக் கேளுங்கள். கேட்ட திகதியையும் கிடைத்த பதிலையும் கோப்பில் எழுதுங்கள். அசைவே இல்லை என்றால் அந்தக் குறிப்புகளோடு உதவிப் பொலிஸ் அத்தியட்சகரின் அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். 1929க்கும் பழைய இலக்கத்தைச் சொல்லி மீண்டும் அறிவியுங்கள். நீதிமன்றம் வரை போனால், பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் மிரட்டல் வராமல் பாதுகாப்புக் கேட்க 2023ஆம் ஆண்டு 10ஆம் இலக்கச் சட்டத்தில் வழி உண்டு.

வழக்கு நடக்கும் காலத்தில் பிள்ளைக்கு 18 நிறைந்துவிட்டால் பாதுகாப்புப் போய்விடுமோ என்று பலர் கேட்கிறார்கள். போகாது. சம்பவம் நடந்த நாளில் பிள்ளைக்கு என்ன வயதோ அதுதான் கணக்கு. அதைக் காட்டப்போவது பிறப்புச் சான்றிதழ் என்பதால், வழக்கு முடியும்வரை கோப்பைக் கலைக்காமல் வையுங்கள்.